ஆல்டோ வரிசையில் என் இடம்

மக்கா,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து நீ போனில் பொரிந்து தள்ளியபோது நான் பதில் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே. நீ மூச்சு விடாமல் பேசினாய், நடுவில் நுழைய இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று காரியம் சொன்னாய். நீ கட்டப்போகிற ஜெனிஷாவிடம் நான் இனித் தனியாகப் பேசக் கூடாது. உன் கல்யாணத்தன்று கோயிலில் பாடகர் குழுவோடு நிற்காமல், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன் பெஞ்சில் அடக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும், என் வியாழக்கிழமைக் கூட்டாளிகள் யாரையும் கூப்பிடவும் கூடாது. கல்யாணம் முடிந்ததும் அந்த வியாழக்கிழமைப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, உன்னோடு வந்து ஒரு அறையில் நிம்மதியாக இருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றுக்கும் முடியாது என்பதுதான் என் பதில். காரணம் சொல்லாமல் விட்டால், கண்ணோடு சேர்த்து அம்மாவுக்குப் புத்தியும் போய்விட்டது என்பாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதை நான் கையால் எழுதவில்லை. போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. எழுதியதை அதுவே எனக்குப் படித்தும் காட்டுகிறது. நம் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடாததால், பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு நின்றவளைப்போல் அச்சுத் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறேன். உன் கல்யாணம் முடிந்த மாதம் இது நம் சபையின் மாத இதழிலும் வரும். நான் கேட்டாயிற்று, அவர்களும் சரியென்று சொல்லியாயிற்று. உன் பெயரும் என் பெயரும் அதில் இருக்காது. ஆனாலும் ஊருக்குத் தெரியாமல் போகாது என்பது எனக்கும் தெரியும், தெரியட்டும். நம்மைப்போல் கண் போனதை மறைத்துவைத்துக் குடித்தனம் நடத்துகிற வீடுகள் இந்த ஜில்லாவில் வேறும் உண்டு. ஜெனிஷாவின் பெயர் மட்டும் இருக்கும். போடச் சொன்னவள் அவள்தான். ஆமாம், பேசக் கூடாது என்று நீ சொன்ன மறுநாளே அவளிடம் பேசினேன்.

நீ கல்லூரியில் படித்த காலத்தில் நான் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு திரிந்தது உனக்கு நினைவிருக்கும். நீயும் உன் அப்பாவும் கேலி செய்வீர்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்போது நான் வீட்டிலிருந்து ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊசியில் நூல் கோக்கக் கண் நன்றாகத் தெரிந்தது, பக்கத்தில் வந்து நின்ற ஆள்தான் தெரியவில்லை. இந்த நோயின் கள்ளத்தனம் அது. ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும், நடுப்பகுதியைக் கடைசிவரை விட்டுவைக்கும். நூல் கோக்கிறவளுக்குக் கண்ணில் என்ன கோளாறு என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கடைசியில் போனபோது, கண்ணில் நீர் அழுத்தம், குளுக்கோமா என்று டாக்டர் சொன்னார். போன பார்வை வராது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று சொட்டு மருந்து தந்தார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். என் அப்பா கடைசி வருஷங்களில் சுவரைத் தடவித்தான் நடந்தார், நாங்கள் அதை வயசின் தலையில் போட்டிருந்தோம். இது பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடியது, மகனை வருஷத்துக்கு ஒரு முறை கண் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு வேலை கிடைத்து நீ விசாவுக்கு அலைந்த நேரம் அது. நாளைக்குப் பெண் பார்க்கும்போது பேச்சாகிவிடுமே என்றும் பயந்தேன். நான் செய்த தப்புகளில் பெரியது இதுதான்.

அடுத்த தப்பு பாட்டில் நடந்தது. பதினேழு வயதிலிருந்து நான் நம் சபையின் பாடகர் குழுவில் ஆல்டோ பாடினவள். எல்லாருக்கும் காதில் விழுகிற ராகத்தை சொப்ரானோக்காரிகள் கொண்டுபோவார்கள். அதற்கு அடியில், யாரும் தனியாகக் கவனிக்காத, ஆனால் இல்லாவிட்டால் பாட்டு மொட்டையாகிவிடுகிற இடத்தில் நாங்கள் நிற்போம். எழுத்து மங்க ஆரம்பித்த பிறகு, உன் அப்பா மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் ஷிப்டு முடித்து வந்து, சனிக்கிழமை சாயங்காலம் அடுக்களை வாசலில் உட்கார்ந்து மறுநாள் பாட்டுகளை ஒவ்வொரு வரியாக எனக்கு வாசிப்பார். நான் உள்ளி உரித்துக்கொண்டே மனப்பாடம் செய்வேன். அவருக்குப் பாட வராது. ஜெபம் வாசிக்கிற மாதிரிதான் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை நான் புத்தகத்தைப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டு, வாசிக்கிறவளைப்போல் கண்ணை ஓட்டிக்கொண்டு பாடுவேன். எங்கள் குழுவில் வெள்ளைச் சேலையும் கையில் விரித்த புத்தகமும் இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. நாலு வருஷம் நானும் அவரும் சேர்ந்து சபையையே ஏமாற்றினோம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

உன் அப்பா போன பிறகு வாசிக்க ஆளில்லை. பழைய பாட்டுகளை வைத்துச் சமாளித்தேன். நீ லீவில் வந்திருந்த அந்த அறுப்பின் பண்டிகை உனக்கு மறந்திருக்காது. மூன்றாம் பாட்டின் நடுவில் முன் பெஞ்சில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. யாரோ அதை அதட்டினார்கள். பக்கத்தில் நின்றவள் என் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக வாங்கி, திருப்பி, மறுபடியும் கையில் வைத்தாள். அவ்வளவு நேரமும் நான் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். பாட்டில் ஒரு எழுத்துகூட நான் தப்பவில்லை மக்கா. ஆனால் அன்றைக்கு அதை யார் கேட்டார்கள்? ஆசீர்வாதம் சொல்லும் முன்பே நீ வந்து என் கையைப் பிடித்து, பக்கவாசல் வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போனாய். உன் உள்ளங்கை வியர்த்திருந்தது. அதோடு குழுவை விட்டேன். நீ விடச் சொல்லவில்லை என்பது உண்மைதான், ஆனால் அடுத்த ஞாயிறு போ என்றும் சொல்லவில்லை.

உன்மேல் குற்றம் சுமத்த நான் இதை எழுதவில்லை. அந்த வெட்கத்தை உனக்கு ஊட்டினவளே நான்தான். உனக்கு ஏழு வயது இருக்கும். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். பார்வையில்லாத ஒரு மனிதர் ஏறி, கம்பியில் சாய்ந்து நின்று, டப்பாவில் தாளம் போட்டு ஞானப்பாட்டு பாடினார். நல்ல குரல். நீ என் மடியில் இருந்துகொண்டு அவரோடு சேர்ந்து கை தட்டினாய். நான் உன் இரண்டு கைகளையும் பிடித்து அமுக்கினேன். “அங்கன பாக்காத மக்கா, நாம சன்னல் பக்கம் பாப்போம்” என்றேன். அவர் கிட்டே வந்தபோது அவர் கை என்மேல் படாமல் காசைப் போட்டேன். நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை நீ. இருபது வருஷம் கழித்து அதே பாடத்தை என்னிடமே ஒப்பித்தாய், வேறென்ன.

அதன்பிறகு இரண்டு வருஷம் நான் வீட்டுக்குள் கிடந்தேன். துணைக்கு நீ வைத்த செல்வி நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். நல்லவளாக இருந்ததுதான் தொந்தரவு. அடுப்புப் பக்கம் விட மாட்டாள். காப்பியைக் கையில் கொண்டுவந்து தருவாள். என் தையல் கத்தரியைக் குத்திவிடும் என்று எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் போய்வந்தேன். கிழமை மறந்தது. யாராவது கேட்டைத் திறந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், அடங்க அரை மணி நேரமாகும். தூக்கம் போனது. பாடாமல் இருந்ததில் குரலும் கட்டிப்போனது. நீ வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டு, நல்லா இருக்கியளா என்று கேட்பாய். நல்லா இருக்கேன் மக்கா என்பேன். நீ மஸ்கட்டில் எனக்குக் காட்ட நினைக்கிற நிம்மதி அதுதான் என்றால், அதை நான் முழுசாக அனுபவித்தாயிற்று.

சொட்டு மருந்து வாங்கப் போன இடத்தில்தான் ஒரு நர்ஸ் சொன்னாள், வியாழக்கிழமை காலையில் பின்பக்கத்து அறையில் பார்வை போனவர்களுக்கு இசைப் பயிற்சி நடக்கிறது என்று. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கண் போனால் உடனே கையில் டப்பாவைக் கொடுத்துப் பாடச் சொல்லிவிடுவீர்களா என்று அவளைக் கடிந்துகொண்டேன். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற ரெஜினா சிரித்துவிட்டாள். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், உன்னைவிட இரண்டு வயது மூத்திருப்பாள். இசையால் மனசுக்கும் உடம்புக்கும் சிகிச்சை தருவதை முறையாகப் படித்துவிட்டு வந்தவள். “கண்ணு திரும்ப வராது கேட்டியளா. அதுக்கு என்னால ஒண்ணும் செய்ய ஒக்காது,” என்றாள். “நெஞ்சு படபடக்குதுன்னா, தூக்கம் வரல்லன்னா, நடக்கப் பயம்னா வாருங்க. பாட்டு நல்லா வரணும்னு இல்ல. கேக்குறதுக்குன்னு யாரையும் உள்ள விட மாட்டேன்.” அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் போனேன்.

உள்ளே வட்டமாக நாற்காலிகள். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தனக்குப் பிடித்த ராகத்தில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். இரண்டு சுற்று முடிந்ததும் யார் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷமாக வெறும் இருட்டாகக் கிடந்ததில் முதல்முறையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயே அழுதுவிட்டேன், சொல்வதில் வெட்கமில்லை. பிறகு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வாயை மூடி, ஒரே சுரத்தை மூச்சு தீரும்வரை நீட்டச் சொன்னாள். இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக வேண்டும். எலும்பு அதிர்வது கைக்குத் தெரியும், அடித்துக்கொள்கிற நெஞ்சு மெல்ல மெல்ல வழிக்கு வரும். அடுத்து நடை. அவள் எதிர்ச் சுவரோரம் நின்று ஒரு சின்னப் பறையைத் தட்டுவாள், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, தாளத்துக்குக் கோலைத் தட்டி, நாம் அவளிடம் போக வேண்டும். முதல் வாரம் நாலடியில் நின்றுவிட்டேன். இரண்டு மாதத்தில் சுவர் கிட்டே வருவதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்தேன். வீட்டில் இருந்து ஒவ்வொருவரும் தன் கைக்குப் பழகின ஒரு சத்தத்தைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னாள். செல்வியை ஸ்டூல் போட்டு ஏறச் சொல்லி என் கத்தரியை எடுத்தேன். வெறும் காற்றை வெட்டினால் அது என்ன அழகாகச் சத்தம் போடுகிறது தெரியுமா.

கடியப்பட்டணத்து பிலோமினா அலுமினியச் சருவத்தோடு வருவாள். முப்பது வருஷம் அதில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்றவள், சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோனது. கீரிப்பாறை தங்கையன் அண்ணன் இரண்டு சிரட்டையோடு வருவார். ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர், அவருக்கும் என் நோய்தான். ஒரு நாள் ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் அரிசிப் பையும் கேமராவுமாக வந்து, நாங்கள் பாடுவதைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். ரெஜினா மரியாதையாக மறுத்துக்கொண்டிருந்தாள். பிலோமினாவுக்குப் பொறுக்கவில்லை. “எங்க படத்த நாங்க பாக்கவா போறோம்? பாட வந்தா ஒக்காரு. இல்லேன்னா நடையக் கட்டு,” என்றாள். தெருவில் மீன் கூவி விற்ற தொண்டை அது, கேமராக்காரர் வாசலைத் தேடித் தடுமாறியது எங்களுக்கே கேட்டது. நீ கூப்பிடக் கூடாது என்கிற ஆட்கள் இவர்கள்தான் மக்கா. இவர்கள் நடுவில்தான் எனக்குத் தூக்கம் திரும்ப வந்தது. இவர்களுக்குப் பிறகுதான் என் காப்பியை நானே போட்டேன். வாரா வாரம் நானும் பிலோமினாவும் பஸ்ஸில் தனியாகத்தான் போகிறோம். வெள்ளிச்சந்தை வளைவில் டிரைவர் கியர் மாற்றுகிற சத்தம் வந்தால் இன்னும் எவ்வளவு தூரம் என்று எனக்குக் கணக்கு உண்டு. இதைக் கேள்விப்பட்டபோது நீ செல்வியைத் திட்டினாய். அவள் என்ன செய்வாள், பாவம், நான்தான் அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன்.

இனி நீ கோபப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பில், நம் கோயிலில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். உன் பெயரும் ஜெனிஷாவின் பெயரும் சொல்லி, இந்த விவாகத்துக்கு யாருக்காவது தடை சொல்ல உண்டா என்று போதகர் கேட்டபோது, நான் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுநாள் ஜெனிஷாவின் அம்மா பலகாரத்தோடு வந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்பாகத்தான் கேட்டார்கள், “ஆப்பரேஷன் எப்பம் வச்சிருக்கு? கல்யாணத்துக்கு முன்ன கண்ணு தெளிஞ்சிருமா?” அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு வெறும் புரைதான், ஒரு ஆப்பரேஷனில் சரியாகிவிடும் என்று நீ அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த மாசம் என்று சொன்னேன். என் பிள்ளையின் பொய்க்கு ஒரு தேதியும் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வியாழக்கிழமை எனக்கு மூச்சு நீளவில்லை. சுரம் பாதியிலேயே அறுந்துகொண்டிருந்தது. ரெஜினா ஏன் என்று கேட்கவில்லை, என் சுருதியை அவள் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நானாகத்தான் எல்லாரிடமும் சொன்னேன். பிலோமினா, “ஏட்டி, நீயுமா பொய் சொன்ன?” என்று மட்டும் கேட்டாள். தங்கையன் அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. கண் மங்கியதை எஸ்டேட்டில் சொன்னால் வேலை போய்விடும் என்று இரண்டு வருஷம் மறைத்தாராம். பழைய வெட்டுத் தடத்தை விரலால் தடவித் தடவி, அதன்மேலேயே கத்தியை ஓட்டினாராம். பட்டையை மட்டும் சீவ வேண்டிய இடத்தில் கத்தி தடியில் போய் இறங்கும். காயம் பட்ட இடத்தில் மரம் முண்டு கட்டிவிடும், அப்புறம் அங்கே வெட்டு ஓடாது, பால் வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “மறைச்சு வெட்டுனதுல எனக்கு ஒண்ணும் ஆகல்ல,” என்றார். “மரத்துக்குத்தான் ஆச்சு.” பிறகு சிரட்டையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். நான் அன்றைக்கு முழுவதும் ஜெனிஷாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்குப் போன் செய்தேன். ஆப்பரேஷன் கிடையாது, என் பார்வை வராது, இது பரம்பரையாக வரக்கூடியது, உன் மாப்பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், அவன் இன்னும் பரிசோதிக்கவில்லை, அவனுக்கே இது தெரியாது, எல்லாவற்றையும் சொன்னேன். “யோசிச்சிட்டுச் சொல்லுகேன் மாமி,” என்று வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண் வீட்டிலிருந்து நிறுத்தச் சொல்லியிருந்தால் போதகர் ஓலையை வாசிக்க மாட்டார். அறிவிப்புகள் ஒவ்வொன்றாகப் போயின. பெண்கள் ஐக்கிய சங்கம், வீட்டு ஜெபக்கூட்டம், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வது. ரெஜினா சொல்லித்தந்தபடி மூச்சை நீட்டி விட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உன் பெயரை வாசித்தார்கள், ஜெனிஷா பெயரையும் வாசித்தார்கள். தடை உண்டா என்று கேட்டபோது, உண்மையைச் சொல்லியாயிற்று, இனி எனக்குத் தடையில்லை என்று மனசுக்குள் சொன்னேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது போன் அடித்தது.

“ரெண்டாம் ஓலை இங்கயும் வாசிச்சாச்சு மாமி,” என்றாள். “ஆனா அவங்க கண்ணு டெஸ்ட் எடுத்து ரிசல்ட்ட எனக்க கையில தராம மூணாம் ஓலை வாசிக்க விட மாட்டேன். எங்க போதகர்கிட்ட சொல்லியாச்சு. ரிசல்ட் என்னவா இருந்தாலும் செரி. மறைச்சாத்தான் செரி ஆகாது.” எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது. அன்று சாயங்காலம்தான் நீ என்னைக் கூப்பிட்டுக் கத்தினாய்.

நீ கத்தியதில் ஒன்று முழுக்க நியாயம். “எனக்கே நீங்க சொல்லலியே அம்மா, அவ சொல்லித்தான எனக்குத் தெரியும்” என்றாய். டாக்டர் சொன்ன அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் உன் கண்ணை வைத்துச் சூதாடியிருக்கிறேன், மன்னித்துக்கொள். உன்னிடம் முதலில் சொன்னால் நீ என்னைத் தடுத்துவிடுவாய், நானும் தடைபட்டு நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் ஒரே அச்சு. மஸ்கட்டில் கண் டாக்டர் இல்லாமலா போய்விட்டார்? நாளைக்கே போ. ஊசியில் நூல் கோக்க முடிகிறதே என்று உனக்கு நீயே தீர்ப்பு எழுதாதே. ஒன்றும் இல்லை என்றால் வருஷா வருஷம் பார்த்துக்கொள். இருக்கிறது என்றால் சொட்டு மருந்தை ஒரு நாளும் தவறவிடாதே. நேரத்தோடு கண்டால் பார்வையைக் காப்பாற்ற முடிகிற நோய் இது, மறைக்கிறவர்களைத்தான் அது வசமாகப் பிடிக்கிறது. எப்படியானாலும் ரிசல்ட்டை அவளுக்கு அனுப்பு. எனக்கு அனுப்ப வேண்டாம், அவள் எனக்குச் சொல்லிவிடுவாள்.

நிம்மதியாக இருக்க நான் மஸ்கட்டுக்கு வரப்போவதில்லை. பேரப்பிள்ளை பிறந்தால் பார்க்க ஒரு மாதம் வருவேன், கத்தரியோடும் கோலோடும் வருவேன், உன் ஊர்ப் பஸ்ஸில் ஏறியும் பார்ப்பேன். என் நிம்மதி வியாழக்கிழமை காலையில் அந்த வட்டத்தில் இருக்கிறது. நான் ஒரு வாரம் போகாவிட்டால் பெயர்ச் சுற்றில் என் இடத்தில் ஒரு ஓட்டை விழும், எல்லாரும் அதைக் கேட்பார்கள். இந்த உலகத்தில் நான் இல்லாதது ஒரு இடத்தில் காதில் விழுகிறது என்பது சின்னக் காரியமா? பிலோமினாவுக்கும் தங்கையன் அண்ணனுக்கும் ரெஜினாவுக்கும் கல்யாண அட்டை கொடுத்தாயிற்று. அவர்கள் பாட வரவில்லை, யாருக்கும் காட்சியாகவும் வரவில்லை. பந்தியில் என் பக்கத்து இலைகளில் உட்கார்ந்து, போளியைப் பால் பாயசத்தில் பிசைந்து சாப்பிட வருகிறார்கள். தங்கையன் அண்ணனுக்கு இரண்டு போளி வைக்கச் சொல்.

போன சனிக்கிழமை பாடகர் குழுவின் பயிற்சிக்குப் போய் என் பழைய இடத்தைக் கேட்டேன். குழுத்தலைவர் தயங்கினார். புத்தகம் இல்லாமல் யாரும் நிற்கக் கூடாதே, சட்டம் அப்படி என்றார். புத்தகம் பிடிக்க எனக்குக் கை இருக்கிறது என்றேன். உன் கல்யாணப் பாட்டின் ஆல்டோ பகுதியைப் போனில் பதிந்து வாங்கி, காப்பி போடும்போதும் குளிக்கும்போதும் கேட்டுக் கேட்டு, நெஞ்சில் ஏற்றிவிட்டேன். ஆகவே அன்றைக்குக் கறுப்புக் கண்ணாடி கிடையாது. முன் பெஞ்சும் கிடையாது. இடதுபக்கம், இரண்டாம் வரிசை, மூன்றாவது ஆளாக வெள்ளைச் சேலையில் நிற்பேன். கையில் புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பேன். அது நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்க மாட்டேன், பக்கத்தில் நிற்கிறவளிடமும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன் பெஞ்சில் ஏதாவது பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும். நீ ஜெனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்தைப் பார்த்து நின்றுகொள். என் புத்தகத்தைத் திருப்பி வைக்க வராதே. உனக்குச் செய்ய வேறு வேலை இருக்கிறது: கேள்.

அன்புடன்,
உன் அம்மா